கத்தக்குறிச்சிப் பெண்ணிடம் பறித்ததைத் திருப்பிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உலகத் தரவரிசைக்குரிய தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் பங்கேற்க வேண்டுமானால் மரபணுச் சோதனை செய்திருக்க வேண்டும் என்று உலகத் தடகள அமைப்பு 2025 ஜூலையில் அறிவித்தது. செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. கன்னத்தின் உட்புறத்தில் தடவி மாதிரி எடுப்பார்கள், அல்லது ரத்தம் எடுப்பார்கள். பொதுவாக ஆண்களிடம் காணப்படும் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வாழ்நாளில் ஒரே முறைதானே, பெண்களுக்கான இடத்தைக் காப்பாற்றத்தானே என்று பலரும் இதை வரவேற்று எழுதுகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்பிள்ளைகளை ஓடப் பழக்கியே பணிக்காலத்தைக் கழித்தவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. இப்படி ஒரு சோதனை ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை எங்கள் மாவட்டம் கண்ணாலேயே பார்த்திருக்கிறது.

கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜனைத்தான் சொல்கிறேன். செங்கல் சூளையில் வேலை செய்த பெற்றோரின் மகள். 2005-ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் அதே 800 மீட்டரில் வெள்ளி. ஓடி முடித்த பிறகு அவரை அழைத்துச் சோதித்தார்கள். என்ன சோதனை, எதற்காக என்று தனக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை என்று பின்னாளில் பேட்டிகளில் அவரே வேதனைப்பட்டிருக்கிறார். சில நாட்களில் ‘பெண்களுக்கான தகுதியில் தேறவில்லை’ என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். எதிர்த்து வாதாட ஒரு வாய்ப்பு? முறையீட்டுக்கு ஒரு வாசல்? எதுவும் இல்லை. பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்த ஒருத்தியின் உடம்பைப் பற்றிய மருத்துவச் செய்தி ஊர் உலகத்துக்கெல்லாம் தலைப்புச் செய்தியாகிவிட்டது.

அந்தப் பந்தயத்தின் கணக்கையும் பாருங்கள். சாந்தி ஓடி முடித்த நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. அவருக்கு அடுத்து வந்த கஜகஸ்தான் வீராங்கனை 2 நிமிடம் 3.19 விநாடி. இருவருக்கும் இடையே நூறில் மூன்று பங்கு விநாடிதான். தங்கம் வாங்கிய பஹ்ரைன் வீராங்கனை சாந்தியைத் தோற்கடித்துத்தான் வாங்கினார். பெண்கள் 800 மீட்டர் உலக சாதனை 1983-லிருந்து 1 நிமிடம் 53.28 விநாடி. அதற்கும் சாந்தியின் ஓட்டத்துக்கும் ஏறக்குறைய பத்து விநாடி வித்தியாசம். மற்றப் பெண்கள் நெருங்கவே முடியாத வலிமை என்று எதைச் சொன்னார்கள்?

அதன்பின் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் கொடுத்து, ‘நீ எங்கள் பிள்ளை’ என்பதைச் செயலில் காட்டினார். அந்த மரியாதையை இந்த மாவட்டம் மறக்காது. ஆனால் விளையாட்டுச் சங்கங்கள் கைவிட்டன. உயிரையே விடத் துணிந்து பிழைத்தார் சாந்தி. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுத்தார். 2012-ல் பெற்றோர் நின்ற அதே செங்கல் சூளையில் தினக்கூலியாக நின்றார். பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளர் ஆனார். இவ்வளவும் அவர் தன் மன உறுதியால் மீட்டுக்கொண்டவை. பதக்கம் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை.

2009-ல் பெர்லின் உலகத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்ற தென்னாப்பிரிக்க வீராங்கனை காஸ்டர் செமன்யாவுக்கும் இதே நெருக்கடி வந்தது. தென்னாப்பிரிக்காவே அவர் பின்னால் திரண்டது. விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி வரவேற்றார்கள். தங்கம் அவரிடமே இருந்தது. பிற்பாடு வந்த விதிகளை எதிர்த்து அவர் நடத்திய வழக்கில், அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலேயே ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டுட்டீ சந்த், உடலில் ஆண் ஹார்மோன் அதிகம் என்ற விதியின்படி 2014-ல் விலக்கிவைக்கப்பட்டபோது இந்திய விளையாட்டு ஆணையம் அவருக்குத் துணை நின்றது. 2015-ல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்தி வைத்தது. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் அவர் இரண்டு வெள்ளி வாங்கினார். டுட்டீக்குச் செய்தது சரி. அதே நாடு சாந்திக்காகத் திரும்பிப் பார்க்காததுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

இப்போது நடக்கும் விவாதத்தில் ஒரு பெரிய குழப்பத்தை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். திருநங்கையர் பெண்கள் போட்டிக்குள் வந்துவிடுகிறார்கள், அதைத் தடுக்கத்தான் சோதனை என்கிறார்கள். ஆண் பருவமடைதலைக் கடந்த திருநங்கையர் பெண்கள் பிரிவில் ஓட முடியாது என்று உலகத் தடகள அமைப்பு 2023 மார்ச்சிலேயே தடை விதித்துவிட்டது. ஓட்டத்தைப் பொறுத்தவரை அந்த விதியில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். பருவ வயதில் எலும்பும் தசையும் பெறும் வலு நேரத்தில் தெரியும். ஆனால் அந்தத் தடைக்குப் பிறகு வந்திருக்கும் இந்தச் சோதனையில் சிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் சாந்தியைப் போலப் பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அல்ஜீரியக் குத்துச்சண்டை வீராங்கனை இமான் கெலிஃபைப் பற்றி ‘ஆம்பளை பொம்பளையை அடிக்கிறான்’ என்று நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியதே, அவரும் பெண்ணாக வளர்ந்தவர்தான். திருநங்கையர் மேல் உள்ள வெறுப்பை மூட்டிவிட்டு, அந்தச் சூட்டில் மற்றப் பெண்களையும் சேர்த்து எரிக்கிறார்கள்.

ஓட்டப் பந்தயத்துக்குச் சொல்லும் நியாயத்தைப் பேருந்து நிலையக் கழிப்பறைக்கும் ஆஸ்பத்திரி வார்டுக்கும் இழுத்துக்கொண்டு போகிறவர்களையும் பார்க்கிறேன். அங்கே யாரும் யாரையும் ஜெயிக்கப் போகவில்லை. திருநங்கையர்க்குக் கழிப்பறையும் மருத்துவமனையில் தக்க ஏற்பாடும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே உத்தரவிட்டது. பொதுக் கழிப்பறைகளில் தாங்கள் விரும்பும் பக்கத்தைப் பயன்படுத்த அவர்களை அனுமதிக்க வேண்டும் என்று தூய்மை இந்தியா திட்டத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. பெண்கள் கழிப்பறையில் எங்களுக்கு வேண்டியது உள்தாழ்ப்பாள், தண்ணீர், விளக்கு. அவை இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

இந்த மரபணுச் சோதனை அறிவியல்தானே என்பார்கள். எஸ்.ஆர்.ஒய். மரபணுவை 1990-ல் கண்டுபிடித்த ஆண்ட்ரூ சின்கிளேரே இதை இப்படிப் பயன்படுத்துவது தவறு என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார். மரபணு இருப்பதாலேயே அது வேலை செய்கிறது என்று ஆகாது. வேலை செய்தாலும், அதனால் சுரக்கும் ஆண் ஹார்மோனைச் சிலரது உடல் ஏற்றுக்கொள்வதில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்தார்கள். எட்டுப் பேருக்கு ‘இருக்கிறது’ என்று வந்தது. விசாரித்துவிட்டு எட்டுப் பேரையும் போட்டியிட விட்டார்கள். அடுத்த சிட்னி ஒலிம்பிக்குக்கு முன்பே எல்லாப் பெண்களையும் சோதிப்பதைக் கைவிட்டார்கள். ஹார்மோனை முற்றிலும் ஏற்காத உடல் உள்ளவர்களுக்குப் புதிய விதியிலும் விலக்கு உண்டு. ஆனால் அதை நிரூபிக்க அந்தப் பெண் இன்னும் எத்தனை மருத்துவர்கள் முன்னால் நிற்க வேண்டும்?

எங்கள் பக்கத்து மைதானங்களில் ஓடுகிற பெண்பிள்ளைகள் பெரும்பாலும் கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள். சத்தான சாப்பாடு குறைவு, பயிற்சி கடுமை. வயதுக்கு வருவது தள்ளிப் போகும். ‘இன்னும் சடங்கு செய்யலையா?’ என்று தெருவே கேட்கும். மார்பு எடுப்பாக இல்லை, குரல் கட்டையாக இருக்கிறது, நடை ஆம்பளை மாதிரி இருக்கிறது என்ற பேச்சுகளைத் தாங்கிக்கொண்டுதான் அந்தப் பிள்ளை ஷார்ட்ஸ் போட்டுக் கோட்டில் வந்து நிற்கிறது. ‘கட்டிக்கொடுக்கிற பிள்ளை டீச்சர், போதும்’ என்று தாய்மார் வந்து நிற்பார்கள். பேசிப் பேசித்தான் அனுப்ப வைக்க வேண்டும். நாளைக்கு ஒரு பிள்ளையின் பெயர் திடீரென்று அணிப் பட்டியலிலிருந்து காணாமல் போனால், காரணம் அச்சில் வர வேண்டியதே இல்லை. ஊர் தானாகப் பேசிவிடும். அந்தக் குடும்பத்தோடு அது நிற்காது. அடுத்த பத்து வீட்டில் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்ப மாட்டார்கள்.

ஆகவே இந்தியத் தடகளச் சம்மேளனம் எந்தப் பெண்ணுக்குச் சோதனை செய்தாலும், அதற்கு முன் அவளுக்கும் பெற்றோருக்கும் அவர்கள் மொழியில் விளக்கி எழுத்தில் சம்மதம் பெற வேண்டும். முடிவு அவளுக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரிய வேண்டும். மனநல ஆலோசனைக்கும் மேல்முறையீட்டுக்கும் ஆகும் செலவைச் சம்மேளனமே ஏற்க வேண்டும். மாவட்ட, மாநிலப் பள்ளிப் போட்டிகளின் பக்கம் இந்தச் சோதனை எட்டிப் பார்க்கவே கூடாது. பத்திரிகைகளும், உங்கள் விளையாட்டுப் பக்கமும் உட்பட, எந்தப் பெண்ணின் சோதனை முடிவையும் பெயரோடு வெளியிடுவதில்லை என்று இப்போதே அறிவிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தோகா நடந்து இருபது ஆண்டு நெருங்குகிறது. சாந்தியின் வெள்ளிப் பதக்கத்தைத் திருப்பித் தரும்படி இந்திய ஒலிம்பிக் சங்கம் ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலிடம் முறைப்படி கேட்க வேண்டும். சங்கம் கேட்கும்வரை தமிழக அரசு அதை விடக் கூடாது. எங்கள் மாவட்டத்தின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவரவர் அவையில் இதை எழுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
புதுக்கோட்டை.