சுங்கத் துறை தவறாக நிறுத்தினால் துறைமுக வாடகை யார் தலையில்?

ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி உடைப்பவர்களோ, புதுக்கோட்டை மாவட்ட உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களோ கொட்டையையோ கருவியையோ நேரடியாக இறக்குமதி செய்ய நினைத்தால், முதலில் துறைமுக வாடகையைக் கணக்கில் வையுங்கள். இலவச நாட்கள் முடிந்ததும் நாளுக்கு நாள் ஏறும் இதற்கு 'டெமரேஜ்' என்று பெயர்.

சுங்கத் துறை தவறாக நிறுத்தினாலும் பெரும்பாலும் சரக்குக்காரர்தான் கட்ட வேண்டும். இறக்குமதியாளர் மேல் தவறில்லாவிட்டாலும் துறைமுகம் வாடகை கேட்கலாம் என்று, சென்னைத் துறைமுக வழக்கில் 1975-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுத்திய சரக்குக்கு வாடகை கூடாது என 2009-ல் சுங்க விதி வந்தது. ஆனால் துறைமுகச் சட்டப்படியான வாடகையை அந்த விதி தடுக்காது என 2017-ல் மும்பைத் துறைமுக வழக்கில் அதே நீதிமன்றம் கூறிவிட்டது.

ஆகவே வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சரக்கு நின்றவுடன், சுங்கச் சட்டத்தின் 49-ஆம் பிரிவுப்படி பொதுக் கிடங்குக்கு மாற்ற எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். கைப்பற்றியிருந்தால், 110ஏ பிரிவுப்படி பிணைப் பத்திரம் கொடுத்துத் தற்காலிகமாக விடுவிக்கக் கேளுங்கள். நிறுத்திய நாட்களுக்குச் சுங்கத் துறையிடம் சான்றிதழ் வாங்கி, துறைமுகத்திடம் தள்ளுபடி கோருங்கள். தள்ளுபடி சலுகைதான், உரிமை அல்ல. அதை நம்பிச் சரக்கைக் கிடக்க விடாதீர்கள்.