ரெண்டே நிமிஷம் சார்!

சென்னையில் அதிகமாகச் சொல்லப்படும் பொய் எது தெரியுமா? தேர்தல் வாக்குறுதி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அது ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான். நான் சொல்லும் பொய் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையாவது காதில் விழுகிறது.

“ரெண்டே நிமிஷம் சார்... இதோ எடுத்துடறேன்!”

தி.நகர் உஸ்மான் ரோடு, மயிலாப்பூர் ஆர்.கே.மடம் சாலை, அடையாறு எல்.பி. ரோடு... எங்கே வேண்டுமானாலும் போய் நின்று பாருங்கள். ஓரத்தில் ஏற்கெனவே நிற்கிற வண்டிக்குப் பக்கத்தில், நடுரோட்டில், ஒரு கார் வந்து நிற்கும். நாலு இண்டிகேட்டரும் ஒன்றாகக் கண் சிமிட்டும். அந்த விளக்கு எரிந்தால் போக்குவரத்துச் சட்டம் தூங்கப் போய்விடும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை! ஓட்டி வந்தவர் இறங்கி, சாவகாசமாக ரெண்டு முழம் மல்லிப்பூ வாங்கப் போவார். அவர் கெட்டவர் இல்லை. பூக்காரம்மாவிடம் பேரம்கூடப் பேச மாட்டார்.

நான் படித்தது பி.காம். கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. பின்னால் நாற்பது வண்டி நிற்கிறது என்று வையுங்கள். நாற்பது இன்ட்டூ ரெண்டு, எண்பது நிமிஷம். ஒரு மணி இருபது நிமிஷம்! ரெண்டு முழம் பூவின் விலை இது. இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை 1494-லேயே ஓர் இத்தாலியப் பாதிரியார் புத்தகமாக எழுதி வைத்துவிட்டார். ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். நம்மவர் வரவை மட்டும் தன் பெயரில் எழுதிக்கொண்டு, பற்றைப் பின்னால் நிற்கும் நாற்பது பேர் தலையில் எழுதிவிடுகிறார். அந்த நாற்பது பேரில் ஒன்று ஆம்புலன்ஸாக இருந்தால்? வழி விடாதவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன. ஆனால் பூ வாங்கப் போனவரிடம் யார் வசூலிப்பது? அவர்தான் வண்டியிலேயே இல்லையே!

‘சுயநலம் சார், எல்லாம் சுயநலம். ஜனங்களுக்கு ஈரமே இல்லை’ என்று சொல்வது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை.

ஈரம் இல்லாத ஊரா இது? 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்துக்குள்ளும் சைதாப்பேட்டைக்குள்ளும் புகுந்தபோது என்ன நடந்தது? முன்பின் தெரியாதவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டார்கள். மீனவர்கள் படகை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தார்கள். யாரும் சாதி கேட்கவில்லை, வாடகை கேட்கவில்லை. பங்குனியில் அறுபத்து மூவர் விழாவன்று மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் போயிருக்கிறீர்களா? நீர்மோர், பானகம், புளியோதரை, விசிறி... வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். கையைப் பிடித்துக் கொடுப்பார்கள்.

மறுநாள் காலையில் அதே மாட வீதியில் நடந்து பாருங்கள். முந்தின நாள் கொடுத்த தொன்னையும் டம்ளரும் காலில் இடறும். பொட்டலம் கொடுத்த புண்ணியவான் வீட்டு வாசலில், நடைபாதை முழுக்க அடைத்துக்கொண்டு அவருடைய கார் நிற்கும்.

என்ன விஷயம் என்றால், நமக்கு தானம் தெரியும். இங்கிதம் தெரியாது. ரெண்டும் ஒன்றில்லை. தானம் வாங்குகிறவன் கண் முன்னால் நிற்கிறான், கும்பிடுகிறான், ‘மகராசனா இருங்க’ என்கிறான். இங்கிதம் அப்படியில்லை. நமக்குப் பின்னால் வரப்போகிற, நாம் பார்க்கவே போகாத ஒருவருக்காகக் காரை ரெண்டு அடி தள்ளி நிறுத்துவது அது. அவர் நன்றி சொல்ல மாட்டார். நாம் அப்படிச் செய்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. கைதட்டல் இல்லாத காரியம் என்பதால்தான் நம்மிடம் அது வளரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

வாசல் விஷயத்துக்கு வருகிறேன். வாசல் என்பது தமிழனுக்குச் சாதாரண வார்த்தையா? விடியற்காலையில் தண்ணீர் தெளித்து, அரிசி மாவில் கோலம் போடுவார்கள். எறும்புக்குச் சாப்பாடு என்று பாட்டிமார்கள் காரணம் சொல்வார்கள். இன்றைக்கு அடையாறு காந்தி நகரிலோ இந்திரா நகரிலோ ஒரு தெரு நடந்து பாருங்கள். கேட்டிலிருந்து ஒரு சிமென்ட் சரிவு நடைபாதையைத் தாண்டித் தெருவரைக்கும் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் நாலு பூந்தொட்டி. அழகுக்கு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அடுத்தவர் வண்டி நிறுத்தாமல் இருப்பதற்கு! தொட்டி இல்லாத இடத்தில் கருங்கல், பழைய டயர், வாட்ச்மேன் நாற்காலி. கேட்டில் ஒரு போர்டு: ‘இங்கே வண்டி நிறுத்தாதீர். மீறினால் காற்று பிடுங்கப்படும்.’

கேட்டுக்கு உள்ளே உங்கள் ராஜ்ஜியம், ஒப்புக்கொள்கிறேன். வெளியே இருக்கிற எட்டு அடி யாருடையது? மாநகராட்சியுடையது, அதாவது எல்லோருடையதும். பத்திரத்தில் ஒரு சென்ட்கூடக் கூடுதலாக எழுதாமலேயே, நாலு பூந்தொட்டியில் நிலத்தை வளைத்துப் போடும் வித்தையை எந்த ரியல் எஸ்டேட்காரரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

இந்த நேரத்தில் வழக்கமாக ஒருவர் எழுந்து, “நடைபாதைக் கடைக்காரங்களை மொதல்ல எடுக்கச் சொல்லுங்க சார்” என்பார். சரி, எடுத்துத்தான் பார்த்தார்களே! 2013-ல் பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்காரர்களை மாநகராட்சி வணிக வளாகத்துக்கு மாற்றினார்கள். இடம் காலியானது. காலியான இடத்தில் மனிதர்களா நடந்தார்கள்? பைக்குகள் வந்து நின்றன. பிறகு 2019 நவம்பரில் கோடிக்கணக்கில் செலவு செய்து, அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். நிஜமாகவே நல்ல காரியம். குழந்தைகள் ஓடுகிறார்கள், வயசானவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். ஆனால் அங்கேயும் வண்டி ஏறாமலிருக்க வரிசையாகக் குட்டைத் தூண்கள் நட வேண்டியிருக்கிறது. நடைபாதை என்று பெயர் வைத்தால் போதாது நமக்கு. இடுக்கில் பைக் நுழையாதபடி தூணும் வைக்க வேண்டும்.

தள்ளுவண்டிக்காரருக்காவது 2014-ல் ஒரு சட்டம் வந்தது. அவர் அந்த இடத்தில் சோறு சம்பாதிக்கிறார். பத்து லட்ச ரூபாய் காருக்கு நடைபாதையில் இலவசப் படுக்கை கொடுக்கச் சொல்லி எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

‘அந்தக் காலத்துல இப்படியா இருந்தது? திண்ணை கட்டி வழிப்போக்கனைப் படுக்கச் சொன்னவங்க நாம’ என்று பெருமூச்சு விடுகிறவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. எந்த வழிப்போக்கனை ஐயா படுக்கச் சொன்னோம்? என்ன ஜாதி என்று விசாரித்துவிட்டுத்தானே! கோயிலைச் சுற்றியிருக்கும் தெருவில் சும்மா நடப்பதற்கே 1924-ல் வைக்கத்தில் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. இங்கிருந்து பெரியார் போய் ஜெயிலில் இருந்தார். அந்த மரியாதையெல்லாம் தெரிந்தவருக்கும் மேலே இருப்பவருக்கும் கொடுத்த மரியாதை. பெயர் தெரியாத, நமக்குச் சமமான ஒரு ஆளுக்கு வழி விடுவது என்பதை நாம் தொலைத்துவிடவில்லை. இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளவே இல்லை. இப்போதும் பாருங்கள், அமைச்சர் கார் வந்தால் ஒதுங்குகிறோம். கைத்தடியோடு ஒரு பாட்டி வந்தால் ஹாரன் அடிக்கிறோம்.

‘சின்ன விஷயத்தை ஏன் சார் இவ்வளவு பெரிசு பண்றீங்க?’

சின்ன விஷயமா? 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாணத்துக்காக நடுரோட்டுத் தடுப்பில் பேனர் வைத்தார்கள். அவர்களுக்கும் அது சின்ன விஷயமாகத்தான் இருந்திருக்கும். நம்ம வீட்டு விசேஷம், ரெண்டு நாளில் எடுத்துவிடலாம். அந்தப் பேனர் ஸ்கூட்டரில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்த 23 வயதுப் பெண் மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர்மேல் ஏறியது.

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் உயிர்விட்ட பாதசாரிகள் 32,825 பேர். மத்திய அரசின் கணக்கு இது. இதில் எத்தனை பேர் நடைபாதையில் கால் வைக்க இடமில்லாமல் ரோட்டில் இறங்கியவர்கள் என்று அந்தக் கணக்கில் பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் கபாலி கோயில் பக்கம் பத்து நிமிஷம் நின்றால் விஷயம் புரிந்துவிடும். கையில் அர்ச்சனைப் பையோடு வரும் அம்மா, நடைபாதையில் நிற்கிற புல்லட்டைப் பார்ப்பார், முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வார், ரோட்டில் இறங்குவார். பின்னால் ஆட்டோ. அவர் யாரிடமும் சண்டை போட மாட்டார். புல்லட்டின் சொந்தக்காரருக்கு இப்படி ஓர் அம்மா இறங்கி நடந்தார் என்பதே தெரியாது.

கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றம் போனார். உடைந்த கால்களை ஒட்டுகிறவருக்குத்தான் அவை எங்கே உடைகின்றன என்று தெரியும். அந்த வழக்கில் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனிமேல் அந்த அம்மா புல்லட்காரரிடம் ‘கொஞ்சம் தள்ளி நிறுத்துப்பா’ என்று கெஞ்ச வேண்டியதில்லை. அது அவருடைய இடம்.

ஜப்பானில் 1962-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். கார் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதை நிறுத்த ரோட்டில் இல்லாத சொந்த இடமோ வாடகை இடமோ இருக்கிறது என்று போலீஸிடம் காட்ட வேண்டும். அந்த இடம் வீட்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். டோக்கியோக்காரர்கள் பிறவியிலேயே இங்கிதத்தோடு பிறந்தவர்கள் என்று புல்லரித்துப்போகிறவர்கள் இதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. சென்னையிலும் அப்படி ஒன்று கொண்டுவரலாமா என்று 2025-ல் பேச்சு எழுந்தது.

எனக்குத் தெரிந்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். மூன்று படுக்கையறை ஃப்ளாட், ஒரு பார்க்கிங், மூன்று கார் வைத்திருப்பவர். கொதித்துப்போனார்.

“அப்ப எங்க மத்த ரெண்டு காரை எங்கே சார் நிறுத்தறது?”

“இப்போ எங்கே நிறுத்தறீங்க?”

“வாசல்லதான்!” என்றார், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.