வெயிலுக்கு மாத்திரை இல்லை

கத்திரி தொடங்கிய அன்றே ‘கோடையை வெல்ல பத்து வழிகள்’ என் கைப்பேசிக்கு வந்துவிட்டது. அனுப்பியவர் ஒன்றுவிட்ட சித்தப்பா. மோர், நுங்கு, வெள்ளரி, எண்ணெய்க் குளியல் எல்லாம் சரிதான். எட்டாவது வழியில்தான் சுர்ரென்று ஏறியது. பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெளியே தலை காட்டக் கூடாதாம். அதைப் படிக்கும்போது மணி இரண்டு. திருமுடிவாக்கம் சிட்கோ பக்கம் ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். கூட நின்ற ஏழெட்டுப் பேரில் ஒருவரும் உல்லாசமாக உலாவ வந்தவர் இல்லை.

மூன்றாவது வழி நன்னாரி சர்பத். ‘ஆரம்பிச்சுட்டார்யா’ என்று பழைய வாசகர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. போன மே மாதமும் இதே புலம்பல்தான். இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன். நன்னாரி சிவப்பு இல்லை. வேரை மண் போகக் கழுவி, தட்டி, நடுவில் இருக்கும் கட்டை நரம்பை எடுத்துப் போட்டுவிட்டு, தோலை ஊறவைத்துக் காய்ச்சினால் வருவது நீர்த்த டிகாக்‌ஷன் நிறம். பாட்டிலில் ரத்தம்போல் நிற்பது சாயம். அது போகட்டும், மாகாளிக் கிழங்கையே நன்னாரி என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். மணத்தில் இரண்டும் பங்காளிகள். ஆனால் மாகாளியின் இடம் ஊறுகாய் ஜாடி. இதைச் சொன்னால் கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். வீட்டிலும் அதே பார்வைதான்.

அன்று நான் கிளம்பியது ஒரு வேனல்கட்டியைக் காட்ட. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்குகிறது தேசிய சித்த மருத்துவ நிறுவனம். அங்குள்ள மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். ‘தமிழன்’ இதழ் நடத்திய பண்டிதர் சித்த வைத்தியரும்கூட என்பது பலருக்கு மறந்துவிட்டது.

ஆட்டோவில் வந்த பையன் ஒருவன் பல்லாவரத்தில் என்னோடு ரயிலும் ஏறினான். விழுப்புரம் பக்கத்தவன், லேத் பட்டறையில் ராத்திரி ஷிஃப்ட். கண்கள் சிவந்திருந்தன. “தூங்கலையா தம்பி?” என்றேன்.

“ரூம்ல படுக்க முடியல சார், தகரக் கூரை. சீசன் டிக்கெட் வச்சிருக்கேன். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் ரெண்டு தடவை போய் வந்தா ஒரு தூக்கம் போட்டுருவேன். காத்து வரும்.”

பத்து வழிகளில் ஒன்பதாவது, பகல் உறக்கம் ஆகாது என்று சித்தர் தேரையர் சொன்னது. ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவனிடம் அதைப் படித்துக் காட்டும் துணிச்சல் எனக்கு இல்லை.

குரோம்பேட்டை தாண்டியதும் அவனே கேட்டான்: “சானடோரியம்னா என்ன சார்? சானிடைசர் கம்பெனியா?”

காற்றுக்காக ரயில் ஏறியவன் கேட்கிற கேள்வியா இது! அந்த நிலையத்தின் பெயரே காற்று வைத்தியத்தால் வந்தது. டாக்டர் சௌரி முத்து 1928-இல் இங்கே காசநோயாளிகளுக்காக ஓர் ஆரோக்கிய நிலையம் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் இதேபோல் ஒன்றை நடத்தியவர் அவர். 1917-இல் கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சைக்குச் சேர்ந்திருந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் வராத காலம். திறந்த ஜன்னல், வெளிச்சம், சத்துள்ள சாப்பாடு, ஓய்வு — மருந்துச்சீட்டு அவ்வளவுதான். 1937-இல் அரசாங்கம் அந்த நிலையத்தை எடுத்துக்கொண்டது.

நானும் சௌரி முத்துவின் கட்சிதான். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. காசத்துக்குச் சானடோரியமே வேண்டாம் என்று காட்டியதும் நம் சென்னைதான். 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தது. மறு பாதிக்கு நெரிசலான அவரவர் வீட்டிலேயே வைத்து அதே மாத்திரைகளைக் கொடுத்தது. 1959-இல் முடிவு வெளியானது. காற்றும் ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைக்காமலே, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடிய அதுவும் ஒரு காரணம்.

இதைச் சொன்னதும் பையன் கேட்டான்: “அப்ப வெயிலுக்கும் ஒரு மாத்திரை கண்டுபிடிக்கலாமே சார்?”

அதுதான் இல்லை. வியர்வை காயக் காற்று வேண்டும். உடம்பு ஆற நிழலும் தண்ணீரும் தூக்கமும் வேண்டும். நன்னாரியும் மோரும் அதற்கு மேல்தான். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு 2024-இல் அறிவித்திருக்கிறது. அதில் செத்தால் குடும்பத்துக்கு நான்கு லட்சம். உயிரோடு இருக்கிறவனுக்குத் தகரக் கூரைதான்.

நான் இறங்கினேன். அவன் இறங்கவில்லை. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து அதற்குள் தூங்கியிருந்தான்.

திருமுடிவாக்கத்தில் தகரக் கொட்டகை கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், கூரைமேல் தென்னங்கீற்று பரப்புங்கள். முடியாவிட்டால் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடியுங்கள். கத்திரி முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.