வெறும் கேஸ் ட்ரபிள்தானா? வயிற்றுப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிப்பது எப்படி?

சாப்பிட்டதும் வயிறு உப்புசம், நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். இதற்கெல்லாம் பலர் டாக்டரிடம் போவதே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் ஒரு அட்டை கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகியும் விடுகிறது. ஆனால் ஒரு சிலருக்கு, இதே சாதாரண தொந்தரவுக்குப் பின்னால் வயிற்றுப் புற்றுநோயின் முதல் கட்டம் இருக்கலாம். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால், பலருக்கு வயிற்றைத் திறக்காமலேயே கட்டியை எடுத்துவிட முடியும்.

எவ்வளவு பெரிய பிரச்னை?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கணக்குப்படி, 2022-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 9.7 லட்சம் பேருக்குப் புதிதாக வயிற்றுப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 6.6 லட்சம் பேர் உயிரிழந்தனர்.

இதே முகமையின் ஆய்வாளர்கள் 2025-ல் இன்னொரு கணக்கை வெளியிட்டார்கள். 2008 முதல் 2017 வரை பிறந்தவர்களில் 1.56 கோடி பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரலாம், அதில் 76 சதவீதத்துக்கு ஒரே ஒரு பாக்டீரியாதான் காரணமாக இருக்கும் என்கிறது அது.

இந்தியாவில் இந்தப் பாதிப்பு ஒரே மாதிரி இல்லை. மிசோரம் மாநிலத்தில் மிக அதிகம். பெருநகரங்களில் பார்த்தால், ஆண்களிடம் இந்த நோய் முன்னணியில் உள்ள ஊர் சென்னை.

'ஆரம்பநிலை' என்றால் என்ன?

கட்டி சின்னதாக இருந்தால் ஆரம்பநிலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டாக்டர்கள் பார்ப்பது அளவை அல்ல, ஆழத்தை.

இரைப்பையின் சுவர் பல அடுக்குகளால் ஆனது. புற்றுநோய் உள்பக்கத்து முதல் இரண்டு அடுக்குகளைத் தாண்டி, தசை அடுக்குக்குள் இறங்காமல் இருந்தால் அதுதான் ஆரம்பநிலை. இந்த வரையறையை 1962-ல் வகுத்தவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள்.

இந்த நிலையில் சிகிச்சை பெறுபவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் 5 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள் என்பது ஜப்பான், தென்கொரியாவின் அனுபவம். கல்லீரல் போன்ற வேறு உறுப்புகளுக்குப் பரவிய பிறகு கண்டுபிடித்தால்? அமெரிக்கப் புள்ளிவிவரப்படி 10 பேரில் ஒருவர்கூட 5 ஆண்டுகளைத் தாண்டுவதில்லை.

அப்போ ஏன் சீக்கிரம் தெரிவதில்லை?

முதல் காரணம், இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் வலியே இருக்காது. இருந்தாலும் அல்சர், அசிடிட்டி மாதிரிதான் தெரியும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போட்டால் அந்தத் தொந்தரவும் தணிந்துவிடும். நோயாளி நிம்மதியாகிவிடுவார், கட்டி உள்ளேயே இருக்கும்.

இரண்டாவது, வயிற்றை வெளியிலிருந்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் இது சிக்காது. சி.டி. ஸ்கேனிலும் தவறிப்போக வாய்ப்பு அதிகம். கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய் வழியாகச் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோபிதான் சரியான வழி. அதிலும் ஆரம்பநிலைப் புற்று பெரிய கட்டியாகத் தெரியாது. லேசான சிவப்பு, சின்னப் பள்ளம், கொஞ்சம் வெளிறிய திட்டு, அவ்வளவுதான். சந்தேகப்படும் இடத்தில் துளி சதை எடுத்து பயாப்ஸி செய்தால்தான் உறுதியாகும்.

ஜப்பானும் கொரியாவும் என்ன செய்தன?

அறிகுறி வரட்டும் என்று அந்த நாடுகள் காத்திருக்கவில்லை. ஜப்பானில் 1960-களிலேயே வேன்களில் எக்ஸ்ரே கருவியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பரிசோதித்தார்கள். இப்போது அங்கு 50 வயதைத் தாண்டியவர்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி பரிந்துரைக்கப்படுகிறது. தென்கொரியாவில் 40 வயதிலிருந்தே இந்தப் பரிசோதனை உண்டு. அங்கு கண்டறியப்படும் வயிற்றுப் புற்றுநோய்களில் பாதிக்கும் மேல் ஆரம்பநிலையிலேயே சிக்குகின்றன.

வயிற்றைத் திறக்காமல் சிகிச்சையா?

ஆமாம். இதற்குப் பெயர் இ.எஸ்.டி. எண்டோஸ்கோபி குழாய் வழியாகவே கட்டிக்கு அடியில் ஒரு திரவத்தைச் செலுத்துவார்கள். கட்டி உள்ள பகுதி மேலே உப்பி எழும். பிறகு மின்சாரத்தில் இயங்கும் மிகச் சிறிய கத்தியால் சுற்றிலும் வெட்டி, அடியோடு உரித்து எடுப்பார்கள். இரைப்பை முழுசாகத் தப்பிவிடும்.

ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவ வாய்ப்பு மிகக் குறைவு என்றால் மட்டுமே செய்வார்கள். ரத்தக்கசிவு, இரைப்பையில் ஓட்டை விழுவது போன்ற ஆபத்துகளும் உண்டு. வெட்டி எடுத்த திசுவை ஆய்வு செய்யும்போது புற்று ஆழமாகப் போயிருப்பது தெரிந்தால், அடுத்து அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மீதமுள்ள இரைப்பையில் புதிதாகக் கட்டி வர வாய்ப்பிருப்பதால், தொடர்ந்து எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும்.

அந்த ஒரு பாக்டீரியா எது?

ஹெலிகோபாக்டர் பைலோரி. இதைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. புற்றுநோயை உண்டாக்கும் காரணிகள் பட்டியலில் இது 1994-லேயே சேர்க்கப்பட்டுவிட்டது.

இந்தியாவில் இந்தத் தொற்று ரொம்பவே சகஜம். தொற்று உள்ள எல்லோருக்கும் புற்றுநோய் வந்துவிடாது, மிகச் சிலருக்கே வரும். மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம். பொதுவாக 14 நாள் மருந்தில் ஒழித்துவிடலாம். ஆரம்பநிலைக் கட்டியை எடுத்த பிறகு இந்தப் பாக்டீரியாவை ஒழித்தவர்களுக்கு, மறுபடி புற்று வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2018-ல் வெளியான கொரிய ஆய்வு காட்டியது.

இந்தியாவிலும் எல்லோருக்கும் பரிசோதனை வேண்டுமா?

நாடு முழுக்க எல்லோருக்கும் எண்டோஸ்கோபி என்பது இங்கே நடைமுறைக்கு ஒத்துவராது. கொரியா, ஜப்பானோடு ஒப்பிட்டால் இந்தியாவின் சராசரி பாதிப்பு பல மடங்கு குறைவு. செலவும் ஆள்பலமும் வேறு கணக்கு. அரசின் புற்றுநோய் பரிசோதனைத் திட்டத்திலும் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுதான் இருக்கின்றன.

அதனால்தான் இங்கே பொறுப்பு நோயாளி மேலும், அவரை முதலில் பார்க்கும் டாக்டர் மேலும் விழுகிறது. யாருக்கு எண்டோஸ்கோபி தேவை என்பதைத் தள்ளிப்போடாமல் முடிவெடுப்பதுதான் முக்கியம்.

யார் தாமதிக்கக் கூடாது?

• காரணமே இல்லாமல் எடை குறைபவர்கள்
• கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுபவர்கள்
• கறுப்பாக மலம் போகிறவர்கள், ரத்த வாந்தி எடுப்பவர்கள் (உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்)
• விழுங்குவதில் சிரமம், தொடர் வாந்தி உள்ளவர்கள்
• காரணம் தெரியாத ரத்தசோகை உள்ளவர்கள்
• 50 வயதுக்கு மேல் முதல்முறையாக அஜீரணத் தொந்தரவு தொடங்கியவர்கள்
• அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இந்த நோய் இருந்தவர்கள்

இவற்றில் பலவும் புற்றுநோய் அல்லாத காரணங்களாலும் வரும், பயப்படத் தேவையில்லை. ஆனால் ஒன்று இருந்தாலும், கேஸ் மாத்திரையின் அடுத்த அட்டையை வாங்கும் முன் இரைப்பை, குடல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. எண்டோஸ்கோபிக்கு ஆகும் நேரம் பெரும்பாலும் 10 நிமிடம்தான்.