வேலை தேடித்தருவதும் நம் கடமைப் பட்டியலில்தான் இருக்கிறது

1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தில் பிரிவு 14 நன்னடத்தை அலுவலரின் கடமைகளைச் சொல்கிறது. நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவது, மேற்பார்வையில் விடப்பட்டவரைக் கவனிப்பது என்று போகும் அந்த வரிசையில், தேவைப்பட்டால் அவருக்குத் தகுந்த வேலை கிடைக்க முயல்வதும் இருக்கிறது. அறிக்கைக்குக் கெடு உண்டு, மேற்பார்வைக்குப் பதிவேடு உண்டு. வேலைக்கான முயற்சிக்கு நன்னடத்தை அலுவலர்களான நம்மிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அதனால் அது மேசையில் கடைசிக் கோப்பாகிவிட்டது. பெண்கள் விஷயத்தில் ஒரு தையல் பயிற்சிச் சான்றிதழோடு அந்தக் கோப்பும் மூடப்படுகிறது.

தையலைத் தாண்டியும் யோசித்திருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் புழலில் பெண் சிறைவாசிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் திறக்கப்பட்டது. நாட்டிலேயே அது முதல் முயற்சி. திறந்துவைத்தவர் அன்றைய சட்ட அமைச்சர் எஸ்.ரகுபதி, நம் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் தொகுதியின் அப்போதைய சட்டமன்ற உறுப்பினர். நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் அந்த வேலை சிறையைச் சேர்ந்தது. அங்கே வண்டிக்கு எண்ணெய் போட்டு, மாலையில் கணக்கு முடித்த பெண் தண்டனை முடிந்து அறந்தாங்கிக்கு வருகிறார், இங்குள்ள ஒரு பங்கில் வேலை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "இதுக்கு முன்னாடி எங்கம்மா வேலை பாத்த?" என்பதுதான் முதலாளியின் முதல் கேள்வியாக இருக்கும். உண்மையான பதில்தான் அவருடைய தகுதி. அவரைத் திருப்பி அனுப்பப்போவதும் அதே பதில்தான்.

ஆணுக்கும் இதே தடைதானே என்று கேட்கலாம். ஆண் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ போய்விடுவான். அங்கே அவனை யாருக்கும் தெரியாது. பெண் பெரும்பாலும் தாய் வீட்டில் விட்டுப்போன பிள்ளைகளிடம்தான் திரும்புகிறார். ஊரை விட்டு நகர முடியாது. ஊருக்குள் வேலை என்றால் ஊருக்கே கதை தெரியும்.

தெரியாத இடத்திலும் இப்போது மறைப்பது கடினம். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கைகளை, உணர்திறன் மிக்க வழக்குகள் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொன்னது. குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தகவல் கிடைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். ஆனாலும் பெயர் அங்கே நின்றுவிடுகிறது. பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குறிப்பிட்ட காலம் கடந்தால் பல தண்டனைகளைக் கழிந்துபோனவையாகக் கருதச் சொல்கிறது. நம் நாட்டில் அதற்கு நெருக்கமான பாதுகாப்பு சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில், சிறாருக்கு மட்டும் இருக்கிறது.

இந்த நிலையில் "கேட்டால் மட்டும் சொல்லு, படிவத்தில் எழுதாதே" என்று பெண்களுக்கு ஆலோசனை சொல்லும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. இரக்கத்தில் சொல்வதுதான், ஆனால் ஆபத்தானது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேலை தருபவரிடம் சொல்லும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்றது. சிறு குற்றமாக இருந்தால் மறைத்ததையும் வேலை தருபவர் பொறுக்கலாம் என்றும் சொன்னது. "பொறுக்கலாம்" என்பதை நம்பி ஒரு பெண்ணின் பிழைப்பைப் பணயம் வைக்க முடியுமா?

வேறு வழி தீர்ப்புக்கு முன்பே இருக்கிறது. நன்னடத்தைச் சட்டத்தின் பிரிவு 3 அல்லது 4-இன்கீழ் விடப்பட்டவருக்கு, குற்றத்தீர்ப்பால் பிற சட்டங்களின்கீழ் நேரும் தகுதியிழப்பு நேராது என்கிறது பிரிவு 12. தீர்ப்பை அது அழித்துவிடாது. ஏற்கெனவே பணியில் இருப்பவரைத் துறை நடவடிக்கையிலிருந்தும் காப்பாற்றாது. 1990-இல் பக்ஷி ராம் வழக்கிலேயே அது தெளிவாகிவிட்டது. இருந்தும், புதிதாக வேலை தேடப்போகும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய உதவி நம் கையில் இல்லை. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாத குற்றங்களில் பிரிவு 4-க்கு இடமுண்டு. அதைக் கேட்காமலே வழக்கை முடிக்கும் வழக்கறிஞரும், "முதல் குற்றம், நன்னடத்தை திருப்தி" என்று ஒரே வரியில் அறிக்கை எழுதும் நாமும், பெண்ணின் வேலைவாய்ப்பை அன்றே குறைத்துவிடுகிறோம். அவர் என்ன வேலை தெரிந்தவர், யார் அவரைச் சேர்த்துக்கொள்ளத் தயார் என்று அறிக்கையில் ஒரு பத்தி இருந்தால், நீதிபதிக்குப் பிடிக்க ஒரு கொம்பு கிடைக்கும்.

யார் சேர்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு இந்த மாவட்டமே ஒரு பதிலைச் சொல்லியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமைகளாகக் கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் பழகியதும் அதே காலம்தான். அதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறோம், குவாரியை மறந்துவிட்டோம். ஒப்பந்ததாரரிடம் போய்க் கூலியை உயர்த்து என்று கெஞ்சுவதோடு நிர்வாகம் நிற்கவில்லை, குத்தகைதாரரையே மாற்றியது. ஒப்பந்ததாரர்கள் சும்மா இருக்கவில்லைதான். ஆனால் பெண்ணே குத்தகைதாரர் ஆகிவிட்டால், அவரை வேலைக்குச் சேர்ப்பதா என்று யோசிக்க அங்கே வேறு ஆள் கிடையாது.

சிறை சென்று வந்த பெண்ணுக்கும் முதலாளியைத் தேடுவதைவிடக் குழுவைத் தேடுவது மேல் என்பது என் கருத்து. ஆதனக்கோட்டையில் முந்திரி வறுத்து உடைத்து விற்கும் பெண்களிடம் போய்ப் பாருங்கள். அந்த வேலைக்குக் கையும் பொறுமையும் போதும், சான்றிதழ் வேண்டாம். மகளிர் குழுக்களில் தடை வேறு மாதிரி வரும். "அவள சேத்தா குழுவுக்கே லோன் கெடைக்காது" என்பார்கள். குழுவைத் தரம்பார்க்கும் பஞ்ச சூத்திரம் என்ன? முறையான கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் பதிவு. உறுப்பினரின் வழக்கு அந்த ஐந்தில் இல்லை. இதை ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் உட்கார்ந்து பேச வேண்டியது நாம்தான். அந்தப் பெண்ணையே பேச விடுவது கொடுமை.

முழுத் தண்டனையும் அனுபவித்து வருகிறவர் யாருடைய மேற்பார்வையிலும் இல்லை. பிரிவு 14 அவரைத் தொடாது. நமக்கு அருகிலுள்ள பெண்கள் தனிச்சிறை திருச்சியில் இருக்கிறது, ஒரு மணி நேரப் பயணம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர்களோடு சேர்ந்து, விடுதலைக்கு முன்பே அவர்களைப் பார்த்துவிடலாம். குடும்ப அட்டையில் பெயர் இன்னும் இருக்கிறதா, ஆதாரில் உள்ள முகவரிக்குத்தான் திரும்பப் போகிறாரா, வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். பல குழுக்கள் வாசலிலேயே திருப்பி அனுப்புவது வழக்குக்காக அல்ல, இந்தத் தாள்கள் இல்லாததற்காக.