விடிய விடிய எரிகிற லைட்டு!

“சார், எம்மவ விடிய விடிய முழிச்சிருந்துதான் படிக்கா. வீட்ல லைட்டு அணையறதே இல்ல. அப்புறமும் ஏன் சார் மூணு பேப்பர் போயிட்டுது?”

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்த அம்மா, கல்லூரி வராந்தாவில் என்னை நிறுத்திக் கேட்ட கேள்வி இது. அவருக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். மகள் பி.எஸ்ஸி. வேதியியல் முதல் வருஷம். அந்தக் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். நல்ல மார்க்கும்கூட.

அன்று நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? “இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலா படிக்கச் சொல்லுங்கம்மா.”

இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் நான் வெட்கப்படுகிற பதில் அதுதான். அடுத்த மாதமே அந்தப் பெண் லேபில் மயங்கி விழுந்தாள். முந்தின ராத்திரி இரண்டு மணி வரை முழிப்பு. காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8 கிராம்தான்!

அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. நம் பிள்ளைகளுக்கு மூளையும் குறைவில்லை, உழைப்பும் குறைவில்லை. படிக்கிற முறைதான் தப்பு. அந்தத் தப்பை வீட்டில் பெற்றோரும், வகுப்பில் நாங்களும் சேர்ந்து பாராட்டிக்கொண்டிருக்கிறோம்!

ஒப்பிப்பது வேறு... புரிவது வேறு!

ஒரு நாள் அவளிடம் பெர்மாங்கனேட் சோதனையைப் பற்றிக் கேட்டேன். ஆக்ஸாலிக் அமிலத்தில் கந்தக அமிலம் சேர்த்து, சூடுபடுத்தி, ப்யூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் மறையாமல் நின்றால் முடிவு. இத்தனையையும் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள்.

“சரி, எதுக்கும்மா சூடு பண்றோம்?”

பதில் இல்லை. தலை குனிந்துவிட்டது. நான் தமிழுக்கு வந்தேன்.

“உங்க ஊர்த் தீக்குச்சி மருந்துல என்ன இருக்கு தாயி?”

“பொட்டாசியம் குளோரேட் சார். அதுதான் எரியறதுக்கு ஆக்ஸிஜன் குடுக்கும். பெட்டிப் பக்கத்துல சிவப்பு பாஸ்பரஸ் இருக்கும். உரசின சூட்டுல பத்திக்கிடும்.”

“உரசாம சும்மா வச்சிருந்தா?”

“ஒண்ணும் ஆகாது சார்...” என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். “அப்போ இதுலயும் பெர்மாங்கனேட்தான் ஆக்ஸிஜன் குடுக்கிற ஆளா? சூடு இல்லேன்னா ரொம்ப மெதுவாத்தான் நடக்கும், அதானே சார்?”

அதேதான்! யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே கண்டுபிடித்தாள். ஆறு மாதமாக அவளைப் பூட்டி வைத்திருந்தது வேதியியல் அல்ல, புரியாத மொழியில் மனப்பாடம். தமிழ் மீடியம் அரசுப் பள்ளியில் படித்த சிவன், நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்தவர். அவர் 2018-ல் இஸ்ரோ தலைவராகவே ஆனார். தமிழில் யோசிப்பது விஞ்ஞானத்துக்குத் தடை இல்லை. முதலில் தமிழில் புரிந்துகொள்ளட்டும். அப்புறம் இங்கிலீஷ் வார்த்தையைப் பொருத்திக்கொள்ளட்டும்.

புத்தகத்தை மூடுங்கள்!

அமெரிக்காவில் ராடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு மனவியல் ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பாடத்தை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்து வைத்த பரீட்சையில் நான்கு முறை படித்தவர்களுக்குத்தான் வெற்றி. 83 சதவீதம். மற்றவர்கள் 71 சதவீதம்.

ஒரு வாரம் கழித்து? நான்கு முறை படித்தவர்கள் 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். மூடிவைத்து எழுதியவர்கள் 61 சதவீதம்!

திரும்பத் திரும்பப் படிக்கும்போது ‘எல்லாம் தெரியும்’ போலத் தோன்றும். அது பார்த்துப் பழகிய பழக்கம், அவ்வளவுதான். மூடிவிட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் எது தெரியாது என்பது தெரியும்.

“பரீட்சையில மனப்பாடத்தத்தானே சார் கேக்காங்க?” என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சூத்திரங்களையும் வரையறைகளையும் மனதில் ஏற்றத்தான் வேண்டும். அதுவும் மூடிவைத்து எழுதிப் பார்த்தால்தான் நிற்கும்.

கரிசல் மண் சொல்லும் பாடம்

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே நாளில் பேய்மழை கொட்டினால் கரிசல் என்ன செய்யும்? வெடிப்பெல்லாம் மூடி, மண் உப்பிக்கொள்ளும். மீதித் தண்ணீர் ஓடைக்குத்தான் போகும். விட்டு விட்டுப் பெய்கிற மழைதான் அடிமண் வரை இறங்கும். பருத்தியும் கம்பும் அந்த ஈரத்தில்தான் நிமிரும். படிப்பும் அப்படியே. பரீட்சைக்கு முந்தின ராத்திரி கொட்டுவது ஓடிப்போகும்.

என் மாணவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான்:

* அன்று நடந்த பாடத்தை அன்றே இருபது நிமிஷம், வெள்ளைத் தாளில் பார்க்காமல் எழுதுங்கள். விட்டுப்போனதை மட்டும் புத்தகத்தில் பாருங்கள்.

* அதையே இரண்டு நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை.

* கணக்குகளில் விடையைப் பார்த்து ‘ஆமா, சரிதான்’ என்று தலையாட்டாதீர்கள். மூடிவிட்டுப் போடுங்கள்.

* ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் ‘ஏன்?’ என்று ஒரு வரி.

* விளாத்திகுளம், கழுகுமலை, கயத்தாறு என்று தூரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறீர்களா? புத்தகம் விரிக்க முடியாது. மனசுக்குள் சொல்லிப் பார்க்கலாமே! செல்போன் பைக்குள் இருக்கட்டும்.

தூக்கமும் படிப்புதான்!

பகலில் படித்ததை மூளை பதித்து வைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கல்லூரி வயதில் ஏழு மணி நேரமாவது தூங்க வேண்டும். தூக்கத்தைத் திருடிப் படிப்பது, விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிடுவது மாதிரி.

அடுத்தது சாப்பாடு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தால் களைப்பு வரும், கவனம் நிற்காது. நாம் அதை ‘சோம்பேறி’ என்று திட்டுவோம்! காலையில் கம்பங்கூழோ, இரண்டு இட்லியோ, வெறும் வயிற்றோடு மட்டும் அனுப்பாதீர்கள். கீரை, பயறு, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். டீ, காபியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். அடிக்கடி தலைசுற்றல் இருந்தால் அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மாத்திரையை டாக்டர் சொன்ன காலம் முழுக்கச் சாப்பிட வேண்டும்.

எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பு தொடங்கும்போது, மார்க் இல்லாமல், நேற்றைய பாடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். ஐந்து நிமிஷம் போதும். பதிலைத் தமிழில் சொன்னால் சிரிக்காதீர்கள்.

அந்தப் பெண் அடுத்த தடவை இரண்டு பேப்பரை முடித்தாள். மூன்றாவதை அதற்கடுத்த தடவை. நடுவில் ஒரு நாள் அந்த அம்மா மறுபடி வந்தார்.

“பத்தரைக்கெல்லாம் லைட்ட அணைச்சிருதா சார். படிக்காளா இல்லையான்னே தெரியல. பயமா இருக்கு.”

“பயப்படாதீங்கம்மா. தெனமும் பத்து நிமிஷம், புத்தகத்த மூடிட்டு அன்னைக்குப் படிச்சத உங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க.”

“எனக்கு என்ன சார் புரியும்?”

“உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிட்டான்னா, அவளுக்குப் புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்மா!”

பெற்றோர்களே, எத்தனை மணி வரை லைட்டு எரிந்தது என்று கணக்குப் பார்க்காதீர்கள். இன்று ராத்திரி பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் கேளுங்கள். அப்புறம் நீங்களே லைட்டை அணைத்துவிடுங்கள்!