பூட்டிய கம்பெனி வீடாகுமா? மனநோய் குணமாகியும் போக்கிடம் இல்லாத பரிதாபம்

சாத்தாங்காடு:

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் போனால் லாரியும் புழுதியும்தான். வடசென்னையில் பூட்டிக் கிடக்கும் கம்பெனி ஷெட்டுகளுக்கும் பஞ்சமில்லை. 'இதையெல்லாம் சரி பண்ணி, மனநோய் குணமாகியும் வீடு இல்லாதவங்களை தங்க வைக்கலாமே' என்ற யோசனை கேட்க நல்லாத்தான் இருக்கு. நடக்குமா?

தேவை நிஜம். 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரியில், குணமாகியும் சொந்தக்காரர்கள் கூட்டிட்டு போக வராததால் வருஷக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. 2017 மனநல சட்டத்தின் 19-வது பிரிவோ, 'குடும்பம் இல்லை, வீடு இல்லை என்பதற்காக ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கக்கூடாது' என்கிறது.

ஏர்வாடி பாடம்

அதுக்காக பெரிய ஷெட்டில் 100 கட்டில் போட்டால் வேலை முடிஞ்சுதா? 2001 ஆகஸ்டு 6-ந்தேதி ஏர்வாடியில் தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் பலியானார்கள். கூட்டமாக அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

சென்னையில் 1993-ல் தொடங்கிய 'பான்யன்' அமைப்பு வேறு வழி காட்டியது. 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில் சாதாரண தெருவில் வாடகை வீடு எடுத்து, நாலைந்து பேரை ஒன்றாக குடிவைக்கிறார்கள். துணைக்கு உதவியாளர் இருக்கிறார். சமைக்கிறார்கள், கடைக்கு போகிறார்கள், முடிந்தவர்கள் வேலைக்கும் போகிறார்கள்.

சிக்கல் என்ன?

தொழிற்சாலை மண்டலத்தில் குடியிருப்பு வேண்டுமென்றால் சி.எம்.டி.ஏ. நில வகைப்பாட்டை மாற்றித்தர வேண்டும். முடியாத காரியம் இல்லை. 1996-ல் மூடிய பெரம்பூர் பின்னி மில் இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. காசுள்ளவர்களுக்கு முடிந்தது, இவர்களுக்கு முடியாதா?

ஆனால் காற்றையும் யோசிக்கணும். 2023 டிசம்பரில் மட்டும் எண்ணூர் வட்டாரம் எண்ணெய் கசிவையும் அமோனியா கசிவையும் பார்த்தது. நடுராத்திரி எழுந்து ஓடிய ஜனங்களுக்கு தெரியும் அந்த பயம். போக்கிடம் இல்லாதவர்களை கொண்டுவந்து கம்பெனி புகைக்கு நடுவே தள்ளுவது மறுவாழ்வு ஆகாது.

அப்போ ஷெட்டுகள் வீண்தானா? இல்லை. மண்ணையும் கட்டிடத்தையும் சோதித்து, பாதுகாப்பானதை தொழில் பயிற்சிக்கூடம், பகல்நேர மையம் ஆக்கலாம். பகலில் அங்கே வேலை, ராத்திரி தெருவுக்குள் வீடு. திருவொற்றியூர் வீதிகளில் நம்ம பக்கத்து வீடாக அவர்களும் இருக்கணும்.

அரசு வாடகை கொடுக்கலாம், உதவியாளருக்கு சம்பளமும் கொடுக்கலாம். ஆனால், 'பைத்தியத்துக்கு வீடு தரமாட்டோம்' என்று சொல்லும் வீட்டுக்காரர்களை மாற்ற எந்த அரசாணையால் முடியும்? அதுக்கு நாமதான் மனசு வைக்கணும்.

வைப்போமா?